தொட்டா போச்சு

பட்டிக்குள் நுழையுமுன் தொமித்திலா ஆட்டுத்தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, அதைக் கிடாயின் முதுகில் அழுத்தித் தேய்க்கிறாள். ஆட்டு வாடை நன்றாக ஏற வேண்டும். பிறகுதான் நாய்க்குட்டியைப் பிடரியோடு தூக்கித் தாய் ஆட்டின் மடியில் விடுகிறாள். ஆடு ஓர் உதை விடுகிறது, அப்புறம் போனால் போகிறதென்று பால் கொடுக்கிறது.

கண் திறந்த நாள்முதல் குட்டிக்கு ஆடுகளோடுதான் வாசம். தானும் ஆட்டுச் சாதி என்று அது நம்பி வளர்ந்துவிட்டால், மலையிலிருந்து பூமா இறங்கினாலும் மந்தையை விட்டு நகராது. இடையில் ஒரு மனுஷக் கை ஆசையாகத் தடவிவிட்டால் அத்தனையும் பாழ்.

போன நாய் கபித்தான் அப்படித்தான் கெட்டது. பெயர் வைத்ததும், காதைச் சொறிந்துவிட்டதும் புருஷன் லிசாந்த்ரோ. பனிக்காலத்தில் கபித்தான் அடுப்படியில் அவன் காலடியே கதியென்று கிடக்க, பூமா வந்து பாதி மந்தையை முடித்துவிட்டுப் போனது. மீதியும் போனால் சோஸ் மலால் நகரத்தில் மகள் வீட்டு மூலையில் போய் உட்கார வேண்டியதுதான். மகள் நல்லவள். இருந்தாலும் அது தன் வீடு ஆகாது.

ஆகவே இந்தக் குட்டிக்குப் பெயரே கிடையாது. "பேரு வச்சா கூப்பிடத் தோணும். கூப்பிட்டா வரும். வந்தா தொடத் தோணும். தொட்டா போச்சு!" என்பாள்.

மாத்தே தேநீரை உறிஞ்சியபடி லிசாந்த்ரோ வம்புக்கு இழுப்பான். "அந்தக் காலத்துல ஓநாய்க்குக் கறித்துண்டு போட்டுப் போட்டுத்தான் நாயாக்குனாங்களாம்டி. ரேடியோவுல சொன்னான்."

"கறியாவது மண்ணாவது! எவளோ ஒருத்திக்குக் கை சும்மா இருந்திருக்காது. தடவிக் குடுத்திருப்பா. முடிஞ்சுது கதை."

"அவ உன்ன மாதிரி கல்நெஞ்சுக்காரி இல்ல போல."

"போய்யா கெழவா! உன்னையும் ஒரு நாள் தடவிக் குடுத்தேன், அன்னையிலேர்ந்து அடுப்படிய விட்டு நகர மாட்டேங்குற."

நேற்று மாலை குட்டியின் காலில் முள் தைத்துவிட்டது. வேலிச் சந்தில் நுழைந்து, ஆடுகளையெல்லாம் விட்டுவிட்டு, நேரே வீட்டு வாசலுக்கு நொண்டிக்கொண்டு வந்து நின்றது. தொமித்திலாவுக்குப் பகீரென்றது. பாசமும் பொத்துக்கொண்டு வந்தது.

"தூக்குடி, பாவம்" என்றான் லிசாந்த்ரோ.

"நீ வாய மூடு."

கையுறையை மாட்டி, குட்டியைப் பட்டிக்கே தூக்கிப்போனாள். தாய் ஆட்டின் பக்கத்தில் கிடத்தி, இடுக்கியால் முள்ளைப் பிடுங்கினாள். குட்டி முனகிக்கொண்டே கையுறையை நக்கியது. பிறகு ஆட்டின் விலாவில் சாய்ந்துகொண்டு அவளையே பார்த்தது.

தொமித்திலா கையுறையைக் கழற்றினாள். வெறுங்கை குட்டியின் காதுவரை போய் நின்றது. அந்தக் கையை அப்படியே திருப்பி ஆட்டின் கழுத்தில் வைத்து, ஆடு சலித்துத் தலையை உதறும்வரை, தடவிக்கொண்டே இருந்தாள்.