ஸகேலேயைப் புதைக்க ஓர் இடம்

ஃபிகிலே அக்கா வான் டோண்டர் துரை வீட்டில் இருபத்தாறு வருஷம் சமையல் செய்தவள். தென்னாப்பிரிக்காவில், நேட்டாலின் வடக்கே இருந்த அந்தப் பண்ணையில்தான் அவளும் அவள் புருஷன் ஸகேலேயும் பிறந்தார்கள். வருஷத்தில் ஆறு மாதம் கூலியில்லாமல் உழைத்தால் குடிசை போட்டுக்கொள்ளலாம், மாடு மேய்த்துக்கொள்ளலாம். அதுதான் ஏற்பாடு. மாட்டுப்பட்டிக்கு மேலே கல் குவித்த இடத்தில் அவர்களுடைய மகள் நொம்வூலா கிடந்தாள். நாலு வயதில் தட்டம்மை கொண்டுபோன பிள்ளை.

நான் அந்தப் பண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். தொண்ணூற்று நாலில், கறுப்பர்களான நாங்களும் முதன்முதலாக ஓட்டுப் போடலாம் என்று ஆனபோது, மாதிரி வாக்குச்சீட்டுகள் ஒரு கட்டு எனக்கு வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் சர்ச் பெஞ்சுகளிலேயே எல்லாரையும் உட்காரவைத்து, பெருக்கல் குறி போடச் சொல்லித்தருவாள்.

"யாருக்குப் போட்டோம்னு துரைக்குத் தெரிஞ்சிருமாமே?" என்றார் கிழவர் மபாசோ.

"உங்க கிறுக்கலைப் பார்த்தா உங்களுக்கே தெரியாது. துரைக்கு எங்க தெரியப்போவுது?" என்றாள் அக்கா. அன்றைக்கு சர்ச்சே சிரித்தது.

துரைக்கு வகுப்பு நடப்பது தெரிந்துவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை, காபி கொண்டுபோனவளை நிற்கச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"நீ யாருக்கு ஓட்டுப் போட்டாலும் எனக்கு ஒண்ணுமில்லை, ஃபிகிலே. ஆனா புது அரசாங்கம் வந்தா, குடியிருக்கிறவங்களுக்கே நிலத்துல உரிமைன்னு சட்டம் போடும்னு வக்கீல் சொல்றார். ரெண்டு வாரத்துல காலி பண்ணிடுங்க."

"நாங்க எங்க போவோம் துரை?"

"பாடம் நடத்தறதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும்."

மாடுகளை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு டவுன் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டார்கள். ஸகேலே அண்ணனுக்கு ஏற்கெனவே இருமல். அங்கே போனதும் சாப்பாடு இறங்கவில்லை. ஓட்டுப்பதிவு அன்று நாலு மணி நேரம் வரிசையில் நின்றார். வெளியே வந்து, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்" என்றாள் அக்கா.

"நல்லாத்தான் இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கவில்லை என்பாள். ஆகஸ்டில் செத்துப்போனார். பிள்ளை பக்கத்தில் வை என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது.

நானும் அவளும் பண்ணைக்குப் போனோம். கேட்டில் புதுப் பூட்டு. துரை வந்து, தொப்பியைக் கழற்றி, துக்கம் விசாரித்தார்.

"ஸகேலே நல்ல ஆள். ஆனா இன்னிக்கு ஒரு குழி தோண்ட விட்டா, நாளைக்கு நிலமே எங்களதும்பீங்க."

அங்கிருந்து அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம். இருந்தவர் எங்கள் ஆள்தான். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"நாம ஜெயிச்சிட்டோம்மா. சட்டம் எழுதிக்கிட்டுதான் இருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"நான் பொறுப்பேன் தம்பி. பொணம் பொறுக்குமா?"

பதினோரு நாள் பிணவறையில் கிடந்தபின், நெடுஞ்சாலை ஓரத்து நகராட்சி இடுகாட்டில் அண்ணனைப் புதைத்தோம். லாரிச் சத்தத்தில் பாதிரியார் ஜெபித்தது யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் அக்கா யாரோடும் பேசவில்லை. பிறகு, நிலச் சட்டம் பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்க டவுன் மண்டபத்துக்கு ஆட்கள் வந்தபோது, தானே வந்து, "என் பேரை எழுதுங்க வாத்தியாரே" என்றாள். மைக் முன்னால் போய் நின்றாள்.

"ஓட்டுப் போட சொல்லிக்கொடுத்தேன். அதுல எனக்கு வருத்தமில்லை. ஆனா எங்க ஆளுங்களை எங்க புதைக்கிறது? அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதிக்கொண்டார்கள். இன்னும் எத்தனையோ கூட்டங்களுக்கு, துரத்தப்பட்ட மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடியில் வேலை பார்த்தாள். பண்ணையில் குடியிருக்கிறவர்கள் தங்கள் ஆட்களை அங்கேயே புதைக்கலாம், துரத்தப்பட்டவர்களும் உள்ளே போய்க் கல்லறையைப் பார்க்கலாம் என்று சட்டம் தெளிவாக வருவதற்கு, அண்ணன் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது.

"அண்ணனை எடுத்துட்டு வந்து பிள்ளைகிட்ட வைக்க மனு போடலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் வாத்தியாரே. ஒருதடவை கிளப்பினதே அவருக்குத் தாங்கலை."

வருஷத்தில் ஒருநாள், காலையில் பண்ணைக்குப் போய் மகளைப் பார்ப்பாள். மத்தியானம் பஸ் பிடித்துப் புருஷனிடம் போவாள். இரண்டுக்கும் நடுவே பதினெட்டு மைல்.