தடைக்காலத்தில் ஒரு நெஞ்செரிச்சல் ஆபரேஷன்

மீன் ஏலம் விடுறவனுக்குத் தொண்டையும் அவசரமும்தான் மூலதனம். அந்த அவசரத்துலயே தின்னு தின்னு நான் நெஞ்சைக் கெடுத்துக்கிட்டேன். புளிச்ச ஏப்பத்தோட உக்காந்தே தூங்குற என் கூட்டாளிகளே, இது உங்களுக்குத்தான். மீன்பிடித் தடை ரெண்டு மாசம். அது தொடங்கின அன்னைக்கே ஆபரேஷன் செஞ்சிருக்கலாம். பயந்து பயந்து ஒரு மாசத்தைப் போக்கிட்டேன்.

தோள்ல ஏன் வலி?

இரைப்பையோட மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுத்தி மடக்கித் தச்சாங்க. வலிச்சது என்னமோ தோள்பட்டை! ஆபரேஷனுக்காக வயித்துல ஊதின காத்துதான் காரணம், ரெண்டு மூணு நாள்ல போயிரும்னு நர்ஸம்மா சொன்னாங்க. நான் நம்பாம ‘ஐயோ, அட்டாக்’னு ஒப்பாரி வச்சேன். “அண்ணாச்சி, அட்டாக் வந்தவரு இம்புட்டுச் சத்தம் போட மாட்டாரு, எந்திரிச்சு நாலு நடை நடங்க.”

ரெண்டு மடக்கு சோடா

ரெண்டு வாரம் கஞ்சித் தண்ணியும் வடிகட்டின சூப்பும்தான். ஏப்பமே வரல, வயிறு உப்பிக் கிடந்தது. கூட ஏலத்துல நிக்கிற அந்தோணி, பாவம், பார்க்க வந்தப்ப சோடா வாங்கிட்டு வந்தான். கூடவே கூடாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தும் ரெண்டு மடக்கு குடிச்சேன். காத்து மேலயும் வரல, கீழயும் போகல. சாயங்காலம் வரைக்கும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு மாதாவைக் கூப்பிட்டு மெழுகுவத்தி நேந்துக்கிட்டேன். அந்தோணி சிரிச்சான். “ஏலே, ஒரு ஏப்பத்துக்கு மெழுகுவத்தி நேந்துக்கிட்ட முதல் ஆளு நீதாம்ல.”

முக்கால் மணி நேரம்

அப்புறம் குழைஞ்ச சோறு. கொஞ்சங்கொஞ்சமா மென்னு முழுங்க ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. முன்னெல்லாம் நின்னபடியே அள்ளிப் போட்டுட்டு ஓடுவேன். இப்ப என் மனைவி ஜெயராணி எதிர்ல உக்காந்து தானும் சாப்பிட்டா. அவ எம்புட்டுப் பொறுமையா மீன் முள்ளை ஒதுக்குறான்னு இருபத்திரண்டு வருஷம் கழிச்சு அப்பத்தான் பார்த்தேன். வெக்கமா இருந்தது. “எனக்கு முன்னால நீங்க எந்திரிக்காம இருக்கது இதுதான் முதல் தடவை.”

முதல் பெட்டி

ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. அது முடிய இன்னும் பத்து நாள் இருக்கையில தடை முடிஞ்சு படகுகள் மீனோட வந்துட்டு. ‘ஏலம் மட்டும் கூறுவேன்’னு ஜெயராணிக்குச் சத்தியம் செஞ்சுட்டுத்தான் போனேன். ஆனா தடை முடிஞ்சு வார முதல் பெட்டியை ஏலக்காரன்தான் தூக்கி வைக்கணும், அது எங்க வழக்கம். சீலா மீனும் ஐஸுமா நல்ல கனம். அந்தோணி கை நீட்டினான். என் வீம்பு விடல, நானே தூக்கினேன். உள்ளுக்குள்ள ஏதோ சுருக்குன்னு இழுத்தது.

ஒரு வாரத்துல பழைய புளிப்பு தொண்டைக்கு வந்துட்டு. தச்ச இடம் நழுவியிருக்கு, மறுபடி ஆபரேஷன் செய்யணும்னு டாக்டர் சொன்னாரு. ஜெயராணி திட்டுவான்னு பார்த்தேன். திட்டியிருந்தாலும் தேவலை. “பெட்டி தூக்க நூறு பேரு இருக்காவ, என்கூட உக்காந்து சாப்பிட உங்கள விட்டா ஆரு இருக்கா?”

அடுத்த தடை தொடங்குற அன்னைக்கே ஆஸ்பத்திரியில படுத்திருவேன்; முதல் பெட்டியை அந்தோணி தூக்கட்டும், எனக்குக் கஞ்சிக் கிண்ணமே போதும்.