ஒன்பதரை மார்க் வீடு

ஆர்டிஸ் ஃபாஸமுக்கு எழுபத்தொரு வயது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடபகுதியில், மக்காச்சோளத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு மாவட்டத்தின் மண்வள அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். ஓய்வு என்று பேர்தான். உலகம் இன்றைக்கோ நாளைக்கோ முழுகப்போகிறது என்று பயந்து நகரத்திலிருந்து நிலம் தேடி வருகிறவர்கள் எல்லாரும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். கிணறு எத்தனை அடி, மின்சாரம் போனால் கையால் இறைக்க முடியுமா, சூறாவளிக்கு ஒதுங்க நிலவறை உண்டா, குளிருக்கு விறகு போதுமா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். கறாரான கை. ஆறைத் தாண்டிய வீடுகள் குறைவு. தன் வீட்டுக்கு மட்டும் ஒன்பதரை.

சிகாகோக்காரன் ட்ரென்ட் மலோரி அவள் பேச்சை நம்பித்தான் பக்கத்துப் பண்ணையை வாங்கினான். மனுஷர்கள் எப்படி என்று கேட்டதற்கு, நல்லவர்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டியது வேறு. இந்த ஊரில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவைதான் வாயைத் திறப்பார்கள். காப்பிக்கும் அப்படி, டிராக்டர் சேற்றில் புதைந்தாலும் அப்படி. முதல் தடவையே சரி என்கிறவனை ஓசிக்கு அலைகிறவன் என்று நினைப்பார்கள். மூச்சு விடுவது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, மின்கம்பிகள் எல்லாம் அறுந்தன. மூன்றாம் நாள் காலை, நிலவறையில் பீன்ஸ் பாட்டில் எடுக்கப்போன ஆர்டிஸ் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. சுற்றிலும் இருநூறு பாட்டில், மூட்டை மூட்டையாகக் கோதுமை. ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

மதியம் மேலே வீட்டு வாசல் கதவு திறந்தது. ட்ரென்ட்தான்.

"மேடம், கரண்ட் போயி மூணு நாளாச்சு. ஏதாச்சும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. நல்லாத்தான் இருக்கேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த தடவைக்குக் காத்திருந்தாள். இங்கே பிறந்தவனாக இருந்தால் பனியைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு மறுபடி கேட்டிருப்பான். ட்ரென்ட் மரியாதை தெரிந்தவன். சரி என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

அட பாவி மனுஷி, இப்போதாவது கத்தித் தொலைக்கக் கூடாதா? வெளியே அவன் டிரக் கண்ணாடியில் பனியைச் சுரண்டுவது கேட்டது. திரும்பி வந்து கேட்பான் என்று படுத்துக் கிடந்தாள். இந்தக் குளிரில் அடுத்த விடியலைப் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவள் அவள். சுரண்டும் சத்தம் நின்றது. டிரக் கதவு திறந்தது.

"போயிடாத தம்பி! விழுந்துட்டேன். என்னால எந்திரிக்க முடியல!"

ட்ரென்ட் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவந்தான். தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டான். கேட்டபோதே சொல்வதற்கு என்ன கேடு என்று கோபப்பட்டான். ஆர்டிஸுக்கு இடுப்பு வலியில் உயிர் போயிற்று. அவன் மூன்றாம் தடவை கேட்பதற்குள் தானாகவே உதவி கேட்டுவிட்டோமே என்ற வெட்கம் அதைவிட வலித்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.