மூடியில இருந்த ஓட்டை

சண்டைக் காலம். வாவிக்கு அங்கால இருந்து எங்கட பக்கத்துக்கு மண்ணெண்ணெய் போத்தில் கணக்கிலதான் வரும், அதுவும் சென்றியில நிக்கிற ஆமிக்காரன் மனசு வைச்சாத்தான். எங்கட பழைய உழவு மிசினோ பெற்றோல்ல ஸ்டார்ட்டாகி மண்ணெண்ணெயில ஓடுறது. குடிச்சுத் தள்ளும்.

அந்த வருசம் வேளாமை வெட்டி வயல் வட்டைக்குள்ள கதிரைக் குவிச்சுச் சூடு வைச்சாச்சு. கதிருக்கு மேல மிசினை ஓட்டி மிதிச்சு நெல்லை எடுக்க வேணும். மழை இருண்டு வந்துது. நனைஞ்சா ஒரு வருசச் சோறு போச்சு.

போறதுக்கு முதல் நாள் மிசின்ர எண்ணெய்த் தாங்கி மூடியைத் துடைக்கேக்க அதில ஊசி போற அளவில ஒரு ஓட்டையைக் கண்டன். அடக் கடவுளே, அருமந்த எண்ணெய் இதாலதானே ஆவியாப் போகுது! உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தில ஒரு துண்டு கிள்ளி இறுக்கி அடைச்சன். என்ட மனிசனுக்குச் சொல்லல்ல. சொன்னா ஆயிரம் நொட்டை சொல்லுவார்.

விடியப் புறப்பட்டம். அவர் மிசினை ஓட்ட, நான் பின்னால இழுவைப் பெட்டிக்குள்ள. அரைக் கட்டை தூரம் போகல்ல, மிசின் இருமி இருமி நிண்டுது. அவர் பிளக்கைக் கழட்டி இஞ்சின்ல வைச்சுச் சுத்திப் பார்த்தார். நல்லா நெருப்புப் பறந்துது. எண்ணெய் கிடக்கோ எண்டு மூடியைத் திறந்து பார்த்து மூடினார். ஹென்டிலைச் சுத்தினார், ஓடிச்சுது. கொஞ்சத் தூரத்தில திரும்பவும் நிண்டுது. குழாயைக் கழட்டி ஊதினார், காபரேட்டரைக் கழுவினார், மூடியைத் திறந்து பார்த்தார். ஓடிச்சுது. எனக்கு மழையைப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வந்துது. ஊரில இல்லாத பழசைத் தேடி எடுத்த மனிசன் எண்டு தொடங்கி, அவர்ர பரம்பரை வரைக்கும் இழுத்து ஏசினன்.

மூண்டாம் தரம் நிக்க, அவர் வேற ஒண்டையும் தொடல்ல. மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸெண்டு காத்து உள்ள போற சத்தம் எனக்கும் கேட்டுது. மூடியைப் புரட்டிப் பார்த்தார், ஒரு முள்ளை முறிச்சு என்னவோ நோண்டி எடுத்து மடிக்குள்ள வைச்சார். மறுகா மிசின் ஒரு இடத்திலயும் நிக்கல்ல. என்ட வாயும் நிக்கல்ல.

சூடு மிதிக்கிற களவெட்டியில வேலையாக்களோட சூடு முழுக்க மிதிச்சு முடிய மத்தியானம் திரும்பிட்டுது. மழை விழல்ல. பொம்பிளையள் களவெட்டிக்குள்ள போறல்ல, நான் ஓரத்தில நிண்டன். அவர் கிட்ட வந்து உள்ளங்கையை விரிச்சார். என்ட சவர்க்காரத் துண்டு.

“தாங்கிக்குள்ள காத்துப் போனாத்தான் எண்ணெய் இறங்கும் புள்ள. வழியிலேயே கண்டுட்டன். அங்க சொன்னா அதுக்கும் ஏசுவாய். களவெட்டியில ஏச மாட்டாய்தானே?”

வெக்கத்தில முகம் எரிஞ்சுது. கோவமும் வந்துது, சிரிப்பும் வந்துது. ஏச வாயைத் திறந்தன். களவெட்டியில நல்ல சொல்லைத் தவிர வேற சொல்லு ஆகாது.

“பொலி” எண்டன்.

விசயம் தெரியாத வேலையாக்களும் விளைச்சல் பெருகட்டும் எண்டு நெல்லைப் பார்த்து “பொலி, பொலி” எண்டாங்க. அவர் மட்டும் மிசினுக்குப் பின்னால போய் நிண்டு சிரிச்சார்.