யார் அடித்த பூனை?

எண்பத்தேழாம் வருடமோ எண்பத்தெட்டோ, சரியாக நினைவில்லை. சித்திரை மாதம் என்பது மட்டும் உறுதி. கார் சீட்டில் கை வைத்தால் சுட்டது. விருதுநகரில் என் தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்தை முடித்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் அருப்புக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு பழைய பிளஷர் காரை வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பேன். சோறு போட்டது அந்தக் கார்தான். என் தையலெல்லாம் கைச்செலவோடு சரி.

பாலவனத்தம் தாண்டியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு டெம்போ. விருதுநகர் மண்டியில் மிளகாய் வத்தலை இறக்கிவிட்டு, வெறும் சாக்குகளோடு திரும்புகிற வண்டி. அந்த நெடியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அவருக்கோ கண்ணெல்லாம் தண்ணீர். கொஞ்சம் பிந்தியே போங்கள் என்றேன், அவரும் வேகத்தைக் குறைத்தார். கண்மாய்க்கரை வளைவில் டெம்போ மறைந்தது. சற்று நேரம் கழித்து நாங்கள் அந்த வளைவில் திரும்பியபோது வண்டிக்கு அடியில் 'தட்' என்று ஒரு சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தால் ரோட்டில் ஒரு பூனை. வெள்ளைப் பூனை. இடது கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு, வால் பாதிதான் இருந்தது. பின்னங்கால் ஒன்று துணிபோலத் தொங்கியது. விலாவில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஆனால் வயிறு ஏறி இறங்கியது.

"நாமளா அடிச்சோம்?" என்று கேட்டார்.

"என்னக் கேட்டா? வண்டி ஓட்டுனது நீங்க."

"கண்ணே தெரியலையே புள்ள. கல்லு ஏறுன மாதிரிதான் இருந்துச்சு."

டயரில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று நான் எழுவதற்குள், மனிதர் ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர்க் கேனை எடுத்து நாலு சக்கரத்தையும் கழுவிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கழுவியபிறகு எதைப் பார்க்க? பயத்தில் தன் கை தானாகப் போய்விட்டது என்றார்.

அவருடைய பயம் என்னவென்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூனையை அடித்துக் கொன்ற வண்டியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, வந்த விலைக்கு விற்றுவிட வேண்டும் என்று டிரைவர்கள் அத்தனை பேரும் நம்பிய காலம். விஷயம் தெரிந்தால் அந்த வண்டியில் பொண்ணு மாப்பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். எங்களுக்கோ வைகாசி முகூர்த்தங்களுக்கு நாலு கல்யாணச் சவாரி பேசியிருந்தது.

"நாம வேதக்காரங்க. இதப் போயி நம்பிக்கிட்டு," என்று நான் எரிந்து விழுந்தேன்.

"நாம நம்பாட்டி போதுமா? சவாரி வாரவுக நம்புறாகளே. செத்தாத்தான் தோசம். பொழச்சிருச்சுன்னா ஒண்ணும் இல்ல. தூக்கு புள்ள."

ஞானஸ்நானத்துக்குக் கட்டியிருந்த பட்டுச்சேலை முந்தானையில் பூனையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வீடு போய்ச் சேரும்வரை அவர் முணுமுணுவென்று ஜெபம் பண்ணிக்கொண்டே ஓட்டினார். பூனைக்காகவா, காருக்காகவா என்று நான் கேட்கவில்லை. எனக்கே அது தெரியாமல்தான் இருந்தது.

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு பசுமாட்டுக்கும் ஒரு சினை ஆட்டுக்கும் பின்னால் வரிசையில் பூனையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. டாக்டர் நல்ல மனிதர். காயத்தைக் கழுவி ஊசி போட்டு, தூவுவதற்கு மருந்துப் பொடியும் கொடுத்தார். காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு முறிந்திருக்கிறது, இத்தனை சின்னக் காலுக்கு மாவுக்கட்டு நிற்காது, மூங்கில் பத்தை வைத்துக் கட்டத் தெரிந்த ஆள் கிடைத்தால் பாருங்கள் என்றார்.

நரிக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஊருக்கு வெளியே கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் ஒருவரை என் வீட்டுக்காரர் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார். பூனை என்றதும் அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். "ஆடு ஒதைக்கும், இது பிராண்டும். அம்புட்டுத்தான வித்தியாசம்" என்று தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் தடவி, நாலு பத்தை வைத்து, என் வெட்டுத் துணிகளைக் கிழித்துக் கட்டினார். ரோஸ் நிறத்தில் ஒன்று, கிளிப்பச்சையில் ஒன்று.

அதுவரை மூன்று நாளாக அந்தப் பூனை எதையும் வாயில் வைக்கவில்லை. இங்க் பில்லரில் ஆட்டுப்பாலை எடுத்து வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டால் பாதி வழிந்துவிடும். குனிந்து குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கட்டுப் போட்ட மறுநாள் காலையில் பார்த்தால் ரோஸ் துணி தனியாகக் கிடக்கிறது, காலில் பூசிய முட்டையைச் சுத்தமாக நக்கித் தின்றிருக்கிறது. கண்டபடி திட்டினேன். திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பசிக்க ஆரம்பித்துவிட்டதல்லவா? ஆட்டுக்காரர் திரும்ப வந்து கட்டி, மேலே வேப்பிலையை அரைத்துத் தடவிவிட்டுப் போனார்.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள், பூனைக்கு என்ன ஆச்சு என்று. தெருநாய் கடித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடலாம், பிழைத்துவிட்டதே என்றுதான் என் வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் விடவில்லை. அடித்தோம் என்பதுதான் ஊரெல்லாம் பரவும், பிழைத்தது என்பதை யார் சொல்லப்போகிறார்கள் என்று வாயை அடைத்தேன். வந்தவர்களோ "வாயில்லா ஜீவனுக்கு இம்புட்டுப் பாக்குறீகளே, இந்த மனசு யாருக்கு வரும்" என்பார்கள். அதைக் கேட்கும்போது மனசு கூனிக்குறுகிப் போகும். கொஞ்சம் இனிக்கவும் செய்யும். நான் நல்லவளா, கெட்டிக்காரியா, பொய்க்காரியா என்று எனக்கே குழம்பிக் கிடந்தது.

வைகாசி பிறப்பதற்கு நாலைந்து நாள் முன்பு. மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தவர், கார் ஸ்டாண்டில் கேட்ட சங்கதியைச் சொன்னார். திருச்சுழிப் பக்கத்து ஆள் ஒருத்தர், வத்தல் ஏற்றும் டெம்போ வைத்திருக்கிறவர், ஒரு பூனையை அடித்துக் கொன்றுவிட்டாராம். அதிலிருந்து வண்டியைத் தொடவே பயந்துபோய், வருகிற விலைக்குத் தள்ளிவிடப் போகிறாராம்.

எனக்குச் சட்டென்று அந்த நெடி மூக்கில் ஏறியது. பூனை அப்போது தையல் மிஷினுக்கு அடியில், மிதிகட்டை மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"எங்கன வச்சு அடிச்சாராம்னு கேக்கட்டுமா?" என்றார்.

"எதுக்கு? நீங்க கேட்டா, ஒங்களுக்கு என்ன அக்கறைன்னு திருப்பிக் கேப்பாக. நாலு முகூர்த்தம் முடியட்டும்."

"அது இதுவா இருந்துச்சுன்னா?"

"பூனைக்கா பஞ்சம்? எத்தனையோ அடிபடுது. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அது வேறு பூனைதான், வேறு பூனைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அன்றைக்கு இரண்டு ஜாக்கெட்டுக்குக் கையைத் தப்பாக வைத்துத் தைத்தேன். நாலு முகூர்த்தமும் நல்லபடியாக முடிந்தன. அதற்குப் பிறகு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பூனை எழுந்து நடந்தது. கட்டை அவிழ்த்தபிறகு அந்தக் காலை முழுசாக ஊன்றாது, சாய்ந்து சாய்ந்துதான் நடக்கும். ஆனால் மதில் ஏறும், ஓணானைத் துரத்தும். நான் எங்கே போனாலும் பின்னாலேயே வரும்.

புரட்டாசியில் ஒரு காலை. கடையிலிருந்து அரிசி மூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு புதிதாக ஒரு ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். மூடையை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார். செம்பைக் கொடுத்தேன். குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அடுப்படியிலிருந்து பூனை சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது.

"தாயி, இந்தப் பூனை ஏது?"

நாய் கடித்தது என்கிற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "பாலவனத்தம் கம்மாக்கர வளைவுல, சித்திரையில, நான் அடிச்ச பூனை தாயி இது. ஒத்தக் கண்ணுல கறுப்பு, அர வாலு. கண்ணாடியில பாத்தேன். ரத்தமாக் கெடந்துச்சு. செத்துருச்சுன்னு பயந்து நிக்காம வந்துட்டேன்."

சாலையில் கிடந்ததை எடுத்துவந்து வளர்த்தோம் என்று மட்டும் சொன்னேன். அவர் பூனையின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "உசுரோடதான் இருந்தியா நீ?" என்று அதனிடம் கேட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. டெம்போவை மதுரைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டதையும், இப்போது மூடை தூக்குவதையும் ஏதோ அடுத்த வீட்டுக் கதையைப் போலச் சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது, "பேரு என்ன வச்சிருக்கீக?" என்றார்.

பேர் வைக்கவில்லை. ஐந்து மாதமாக ஏன் வைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தோஷம் நம் காருக்கு இல்லை என்று நிம்மதிப்படுவார் என்று பார்த்தால், மனிதர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அது நாமதான் அடிச்சது. 'தட்'டுன்னு சத்தம் கேட்டுச்சே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அந்தப் பழி நம்முடையதாகவே இருந்துவிட்டால் தேவலை என்று அவர் நினைப்பது எனக்குப் புரிந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தச் சத்தம் கல்லா, பூனையா என்பது கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த மாதம் அரிசியோடு அந்த மூடைக்காரரே வந்தார். பூனைக்கு ஒரு பொட்டலத்தில் நெத்திலிக் கருவாடு வேறு. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கேட்டைத் தாண்டிப் போனவரைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"அண்ணே, நீங்க டெம்போவ விக்கப் போறீகன்னு அப்பவே எங்க காதுல விழுந்துச்சு. பூனை உசுரோட எங்க வீட்டுலதான் இருந்துச்சு. இவுக வந்து விசாரிக்கணும்னாக. நான்தான் கல்யாணச் சவாரி போயிரும்னு வேணாம்னுட்டேன்."

வெயிலில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். இரண்டு வசவு வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

"நீங்க வந்து சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன் தாயி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தப் பூனை எங்கள் வீட்டில் இன்னும் ஒன்பது வருடம் இருந்து, வயதாகித்தான் செத்தது. அவர் மறுபடி டெம்போ வாங்கவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது உண்மையா, இல்லை என் மனசு நோகக்கூடாது என்று சொன்னதா என்று இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் எங்கேயோ ஒருவருக்குத் தேவைப்படுகிற ஒரு வார்த்தை என் வாயில் இருக்கிறது என்று தோன்றிவிட்டால், இப்போதெல்லாம் செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பிவிடுகிறேன்.