விழுந்தால் மட்டும் மிஞ்சும் நாடா

நாங்கள் குடியேறிய அஹுன்ட்சிக் பகுதியில், என் மகள் ஸ்கேட்டிங் பழகிய ஐஸ் அரங்கில்தான் அவரைச் சந்தித்தேன். அண்ணை என்று கூப்பிடுவேன், பெயர் கேட்டதில்லை. தொப்பிக்கும் மப்ளருக்கும் நடுவே மூக்கு மட்டும் தெரியும். கையில் வீடியோ கமரா.

அங்கே அந்த நாட்டின் முன்னணி ஸ்கேட்டிங் வீரன் ஒருவனும் பயிற்சி எடுத்தான். அவனுடைய ஒவ்வொரு தாவலையும் அண்ணை படம் பிடிப்பார். ஒழுங்காக இறங்கிவிட்டால் நாடாவைப் பின்னால் சுற்றி அழித்துவிடுவார். விழுந்தது மட்டும் மிஞ்சும்.

"வீட்டுக்கு ஆக்கள் வந்தால் போட்டுக் காட்டுறனான், தம்பி. விழுந்து விழுந்து சிரிப்பினம்."

ஒருநாள் அந்த வீரன் நாங்கள் உட்கார்ந்திருந்த பார்வையாளர் படிகளில் நேரே ஏறி வந்தான். கமராவை உடைக்கப் போகிறான் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். அவனோ அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தான் விழுந்ததையெல்லாம் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லி, தோள் எங்கே சரிகிறது என்று பார்த்தான். "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான். சில வாரங்களில் காற்றில் மூன்று முறை சுற்றி இறங்கும் அந்தத் தாவலில் விழுவதையே விட்டுவிட்டான்.

அண்ணை சோர்ந்துபோனார். "இவன் இனிச் சரிவரமாட்டான். பாட்டரிதான் வீண்."

ஆனால் போட்டிகளில் மற்றவர்கள் நான்கு முறை சுற்றத் தொடங்கியிருந்தார்கள். அவனும் நான்குக்குத் தாவினான், தடாரென்று விழுந்தான். அண்ணையின் மூக்குக்கூட மலர்ந்தது. எழும்புமுன் அவன் பார்த்தது பயிற்சியாளரை அல்ல, மேலே எங்களை. கமரா ஓடுவதைக் கண்டு சிரித்தான்.

"பாத்தீரே தம்பி, வெக்கத்தில சிரிக்கிறான்."

இவ்வளவு நாள் பார்த்தும் ஒன்றையும் காணாமலிருக்க அண்ணை எங்கே பயிற்சி எடுத்தாரோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.