எண்பது குதிரை போதும்

என் நாத்தனார் கெர்லிண்டாவைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பவள் நான்தான். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே, நான் பெருக்கிய வாசலை அவள் மறுபடியும் பெருக்கினாள். தெற்கு ஜெர்மனியில் எங்கள் ஷ்வாபியப் பக்கத்தில் வீட்டுக்கு வந்த மருமகளை இதைவிட அவமானப்படுத்த முடியாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து மலை ஏறியவள் நான். கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கெர்லிண்டா எங்கள் ஹார்டிங்கன் ஊரில் பஸ் ஓட்டியவள். கீழே ரயில் நிலையத்திலிருந்து மேலே ஷ்வாபிய ஆல்ப் மலையின் சமவெளி வரை, கொண்டை ஊசி கொண்டை ஊசியாக வளையும் சாலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பனியன் ஆலைப் பெண்களையும் ஏற்றி இறக்கியே வேலைக்காலம் முழுக்கக் கழித்தவள். முதன்முதலில் ஒரு பெண் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதைப் பார்த்துச் சில பெரியவர்கள் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்களாம். அடுத்த பஸ்ஸையும் அவளேதான் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

அவளுடைய சொந்த வண்டி ஒரு மஞ்சள் ‘ஒன்பது-பதினான்கு’. போர்ஷேயும் ஃபோக்ஸ்வாகனும் கூட்டுச் சேர்ந்து செய்த கார். இரண்டே இருக்கை. கூரையைக் கழற்றிப் பின்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து முனகும். நான்கு சிலிண்டர், எண்பது குதிரைச் சக்தி. இதே எஞ்சினைத்தான் பிறகு ஃபோக்ஸ்வாகன் வேனிலும் மாட்டினார்கள். வெறும் வாயை மெல்லுகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

அதிலும் வெண்டலின் பிட்சர். எங்கள் பழங்கார்ச் சங்கத்தின் தலைவர். அவர் காருக்கு ஆறு சிலிண்டர், வாய்க்குப் பன்னிரண்டு. கெர்லிண்டா வந்து வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பீர்க் குவளையைத் தூக்கிப் பிடித்துக் கத்துவார்.

“பஸ் வந்துருச்சுப்பா! எல்லாரும் சில்லறைய எடுத்து வச்சுக்கங்க!”

“ஆமா வெண்டலின், பஸ்தான்,” என்பாள் இவள். “நேரத்துக்கு வரும்ல?”

அவளுக்கு அதில் துளிக்கூட வெட்கம் கிடையாது. நவம்பரில் வண்டியைத் தாங்கிமேல் ஏற்றினால் ஏப்ரல் வரை அதன் அடியில்தான் குடித்தனம். பாட்டரி அமிலம் சொட்டிச் சொட்டி அடித்தண்டை அரித்திருந்ததை அவளே வெட்டி எடுத்து, புது இரும்பு வைத்துப் பற்றவைத்தாள். வால்வு இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில்தான் பார்க்க வேண்டும் என்று விடியற்காலையில் சூடான காப்பியோடு கராஜுக்குள் போய்விடுவாள். “அந்த வண்டியில் அப்படி என்னடி சுகம்?” என்று ஒருதரம் கேட்டேன்.

“எண்பதையும் ஓட வைக்கலாம் எல்ஃபி. வளைவுல பிரேக்கத் தொடாம, மிதிய முழுசா அழுத்தி, ஒண்ணு விடாம எண்பதும் ஓடும். வெண்டலின் பாதிக் குதிரய லாயத்துலயே கட்டிப் போட்டுட்டு வர்றான். பாவம் அதுங்க.”

அவள் புருஷன் ஒட்மாருக்குத்தான் அந்தக் கேலி தாங்கவில்லை. ஒட்மார் பனியன் ஆலையில் பின்னல் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். வாய் அதிகம் பேசாது, கை பேசும். கெர்லிண்டாவின் அறுபதாவது பிறந்த நாளுக்கு எங்கேயோ போய் ஓர் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தேடிப் பிடித்து, அதற்குச் சிவப்பு ரிப்பன் கட்டிக் கராஜில் நிறுத்தி வைத்தார். அவள் அதை ஒரு சுற்று சுற்றி வந்து, “நல்லாத்தான் இருக்கு. யாருக்கு?” என்றாள்.

மனுஷன் நொந்துபோய்விட்டார். “உன் வண்டில இது ஏறுற அன்னிக்குத்தான் நான் உன் பக்கத்துல உக்காருவேன்,” என்று சொல்லிவிட்டார். ஷ்வாபியன் ஒரு சொல் சொல்லிவிட்டால் அதை மலை வந்தாலும் நகர்த்த முடியாது. எஞ்சின் தார்ப்பாய்க்கு அடியில் போயிற்று. பக்கத்து இருக்கை என் தலையில் விழுந்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். என் முழங்காலைக் கேட்டால் அது தனிக்கதை சொல்லும்.

கெர்லிண்டா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மேலே சமவெளியில், ஜூனிபர் புதர்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தபோது ஒருதரம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “நீ நல்ல துணைதான் எல்ஃபி. ஆனா இது அவன் இடம்.” எனக்குக் கோபம் வரவில்லை. முதல்முறையாக அவள்மேல் பாவமாக இருந்தது.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். பருப்பும் மாவு நூடுல்ஸும் சாசேஜும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஒட்மார், இந்த வருஷம் மலை ஓட்டத்துல நான் முதல்ல வந்தா, அந்த எஞ்சின் வீட்ட விட்டுப் போகணும். நீ என் பக்கத்துல உக்காரணும்.”

“வரலன்னா?”

“குளிர்காலத்துல ஆறு சிலிண்டர மாட்டிக்க. வாயே தெறக்க மாட்டேன்.”

“எல்ஃபி, நீதான் சாட்சி.”

“உங்க ரெண்டு பேருக்கும் சாட்சி சொல்லியே என் தல நரச்சுது,” என்றேன்.

எங்கள் சங்கத்து மலை ஓட்டம் வேகப் போட்டி அல்ல. காலையில் ஒருதரம் மலை ஏற வேண்டும், மதியம் இன்னொருதரம். இரண்டு ஏற்றத்துக்கும் ஆன நேரம் யாருக்கு ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக வருகிறதோ அவருக்கே முதலிடம். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். வேகமானியின் மேல் அட்டை ஒட்டிவிடுவார்கள். காதும் காலும்தான் கணக்கு. கெர்லிண்டாவுக்கென்றே வைத்த போட்டி என்று நான் நினைத்திருந்தேன்.

ஆனால் எங்கள் ஊர்ப் புத்தி ஒன்று இருக்கிறதே. ஓட்டம் தொடங்குமுன் எல்லோரும் எஞ்சின் மூடியைத் திறந்து வைப்பார்கள், ஊரே குனிந்து பார்க்கும். அழுக்கு எஞ்சினைக் காட்டுவதும் பெருக்காத வாசலைக் காட்டுவதும் எங்களுக்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இங்கே வண்டி கழுவக் கூடாது. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம், கழுவுமிடம் மூடுவதற்குள் ஓடிப்போய், உயர் அழுத்தக் குழாயைப் பிடித்து எஞ்சினைக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள் என் நாத்தனார். இத்தனை வருஷம் வால்வையும் வயரையும் பார்த்தவள்! பெருக்கின வாசலையே மறுபடி பெருக்குகிற கை அது, வேறென்ன செய்யும்?

இரவு முழுக்க மூடுபனி. ஈரம் காயவே இல்லை. காலையில் ரயில் நிலையம் வரை சமதரையில் வண்டி ஒன்றும் சொல்லவில்லை. ஏற்றத்தில் முதல் வளைவைத் தாண்டியதும் இருமத் தொடங்கியது. பிறகு ஒரு குலுக்கல். மிதியை முழுசாக அழுத்தினால் நான்கில் ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்தது. நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன்.

“நின்னுருமாடி?”

“பேசாத. கேக்க விடு.”

அவள் முகத்தில் பயமில்லை. தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டே ஏறினாள். எங்கே இருமுகிறதோ அங்கே காலைத் தளர்த்தி, எங்கே மூச்சு வருகிறதோ அங்கே மெதுவாக அழுத்தி, எப்படியோ உச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். நேரம் மகா மோசம் என்று முடிவுக் கோட்டில் நேரம் குறித்தவரின் முகமே சொன்னது.

இறங்கி வந்து நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. வெண்டலின் உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு வந்தார். “என்ன கெர்லிண்டா, பஸ்ஸுக்குச் சளி பிடிச்சுருச்சா?”

“கழுவுனேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள தண்ணி போயிருக்கும், பொறி சரியா விழல,” என்றாள். தப்பை மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“அப்ப தொடாத! அப்படியே விடு,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “ரெண்டாவது தடவையும் இருமிக்கிட்டே ஏறட்டும். நேரம் ஒண்ணாத்தான் வரும்.”

“பாதி மலையில நின்னுட்டா?” என்றேன்.

“காய வச்சா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும், நேரம் ரெண்டும் ஏணி வச்சாலும் எட்டாது,” என்றார் வெண்டலின். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விட்டாலும் ஆபத்து, தொட்டாலும் ஆபத்து. கெர்லிண்டா இடுப்பில் கைவைத்து நின்றாள். அன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒட்மார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையை வைக்காமல் இருந்தாலே போதும், வண்டி பாதி மலையில் நின்றுவிடலாம், குளிர்காலத்தில் ஆறு சிலிண்டர் ஏறிவிடும். மனுஷன் மெதுவாக வந்தார். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கழற்றினார். எங்கள் ஊர் ஆலையின் கைவைத்த பனியனோடு, அந்தக் குளிரில், எஞ்சினுக்குள் குனிந்து அந்த ஈர மூடியைக் கழற்றி, அந்த நல்ல வெள்ளைச் சட்டையால் உள்ளும் புறமும் துடைத்தார்.

“ஒட்மார், என்ன பண்ற?” கெர்லிண்டா அவர் முழங்கையைப் பிடித்தாள். “உனக்குத் தோக்கணும்னு ஆசையா?”

“ஈரத்தால ஜெயிச்சுட்டு, வெக்கமில்லாம எப்படிடி அந்த எஞ்சின மாட்டுவேன்?” அவர் நிமிரவில்லை. “நல்ல வண்டியில போ. அப்பறம் உன் சாமர்த்தியம்.”

மதியம் மறுபடி புறப்பட்டோம். முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது, வண்டி குணமாகிவிட்டது. எண்பது குதிரையும் கடிவாளத்தை இழுத்தன. நான் நெஞ்சில் கைவைத்தேன். போச்சு, சட்டையும் போச்சு, பந்தயமும் போச்சு என்று நினைத்தேன். அப்போது கெர்லிண்டா காலைத் தளர்த்தினாள், தனக்குத்தானே பேசத் தொடங்கினாள்.

“கல்லறைத் தோட்டம். ரெண்டு கெழவிங்க ஏறுறாங்க.”

“என்னடி உளர்ற?”

“காலைல அது எப்படி ஏறுச்சு தெரியுமா? திங்கக்கிழம காலைல ஆள் நெரம்புன பஸ் மாதிரியே ஏறுச்சு. அந்த நேரம் எனக்கு எலும்புல இருக்கு எல்ஃபி. பழைய ஆலை. கதவு சிக்குது, கொஞ்சம் மெதுவா. லிண்டன் மரம். அந்தத் தச்சர் வீட்டுப் பொண்ணு ஓடி வர்றா, அவளுக்காக ஒரு மூச்சு. ம், போலாம்.”

எங்கும் நிற்கவில்லை, நிற்கக் கூடாது. ஆனால் அந்தந்த இடத்தில் அவள் கால் தானாகத் தளர்ந்து, தானாக அழுத்தியது. இல்லாத ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறினாள். காலையில் இருமிய இடமெல்லாம் அவளுடைய பஸ் நிறுத்தங்களாகிவிட்டன. உச்சிக் கோட்டைத் தாண்டியபோது என்னையறியாமல், இறங்கும் மணியைத் தேடி என் கை போயிற்று.

சங்கமும் ஊரும் மேலே வந்து சேர்ந்ததும் முடிவுகளை வெண்டலின் கடைசியிலிருந்து வாசித்தார். அவர் பெயர் நடுவில் எங்கேயோ வந்தது. இரண்டாம் தடவை கூட்டத்தைப் பார்த்ததும் வேகமாக மிதித்துவிட்டாராம். முதலிடத்துக்கு வந்ததும் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், மறுபடி தூரமாகப் பிடித்தார்.

“ஒரு கண் சிமிட்டுற நேரம் கூட வித்தியாசம் இல்ல,” என்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார். “முதலிடம்... பஸ்.”

சங்கமே மேஜையைத் தட்டியது. கெர்லிண்டா கோப்பையைக்கூட வாங்காமல் நேராக ஒட்மாரிடம் போனாள். மனுஷன் பனியனோடு, என்னிடம் திரும்ப வாங்கிய கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் கரிபடிந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஏறு.”

“பனியனோட இருக்கேன்டி.”

“பஸ்ல யாரும் உடுப்புப் பாக்க மாட்டாங்க. ஏறு.”

அந்தப் பள்ளத்து இருக்கைக்குள் அவர் மடங்கி இறங்குவதை ஊரே பார்த்தது. கெர்லிண்டா கூரையைக் கழற்றினாள், அந்தக் குளிரில், பைத்தியக்காரி. தன் கம்பளிச் சால்வையை அவர் கழுத்தில் சுற்றினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிப் போனாள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நான் நிஜ பஸ்ஸில்தான் வீட்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. அதற்காகவும் அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தார்ப்பாய்க்கு அடியிலிருந்த எஞ்சினை அந்த வாரமே ஒட்மார் தானே வேறொருவர் வேனில் ஏற்றி அனுப்பினார். ரிப்பனை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டார். ஆனால் எனக்கு அதைவிட நினைவிருப்பது அன்றைய பஸ் பயணம்தான். இரண்டாவது வளைவிலேயே முன்னால் அந்த மஞ்சள் கார், எங்களுக்கு வழிவிடாமல் உருண்டு உருண்டு போய்க்கொண்டிருந்தது. கூரையில்லாத வண்டியில் இரண்டு நரைத்த தலைகள். டிரைவர் பொறுமையிழந்து ஹார்னில் கைவைத்தான்.

“பந்தயக் கார் மாதிரி இருக்கு, ஏம்மா இப்படி உருட்டுறாங்க?”

“அடிக்காதப்பா,” என்றேன். “பெரியவர் இப்பத்தான் ஏறியிருக்காரு.”